கரடிக்குள் பம்பரம்

ஸ்கூட்டர் என்றதும் பெட்ரோல் போட்டு, சாவியைத் திருகி, பின்னால் ஒருவரை உட்கார வைத்து ஓட்டும் வண்டி என்று நினைத்துவிடாதீர்கள். இது வேறு. நீளமாக ஒரு பலகை, அதன் முன்னால் நிமிர்ந்து நிற்கும் ஒரு கைப்பிடி, கீழே இரண்டு குட்டிச் சக்கரங்கள். அவ்வளவுதான். ஒரு காலைப் பலகையில் வைத்து, இன்னொரு காலால் தரையை உந்தினால் ஓடும். உந்தாவிட்டால் சும்மா நிற்கும்.

அந்த ஸ்கூட்டரில்தான் பம்பரம் வித்தை பழகிக்கொண்டிருந்தாள்.

பம்பரம் என்பது அவளுடைய உண்மையான பெயர் இல்லை. வீட்டுக்குள் ஓர் இடத்தில் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருப்பதால் மாமா வைத்த பெயர். கோபம் வந்தால் மட்டும் அம்மா அவளை உண்மையான பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அதனாலேயே அந்தப் பெயர் அவளுக்கு அவ்வளவாகப் பிடிக்காது.

மேம்பாலத்துக்கு அடியில் ஒரு ஸ்கூட்டர் பூங்கா இருந்தது. அலை அலையாக சிமெண்ட் சரிவுகள், நடுவில் ஒரு சின்ன மேடை. மேடையின் விளிம்பிலிருந்து ஸ்கூட்டரோடு எகிற வேண்டும். காற்றில் இருக்கும்போதே பலகையைக் காலால் தட்டிவிட வேண்டும். பலகை கைப்பிடியைச் சுற்றி ஒரு வட்டம் அடித்துத் திரும்பி வரும். அது வந்து சேரும் நேரத்தில் இரண்டு கால்களும் அதன் மேல் இறங்க வேண்டும். இதுதான் பம்பரம் பழகிய வித்தை. சொல்லும்போது சுலபமாகத்தான் இருக்கிறது.

புதிதாகப் பழகுகிறவர்களுக்கு என்று ஒரு போட்டி வரப்போகிறது. அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஒத்திகை பார்த்தார்கள். பம்பரத்தின் முறை வந்தது. வேகமாக வந்தாள், எகிறினாள், தட்டினாள். பலகை சுற்றியது. ஆனால் அது திரும்பி வரும்போது பம்பரம் அங்கே இல்லை. தரையில் குப்புறக் கிடந்தாள். ஹெல்மெட் ஒரு பக்கமாகத் திரும்பி ஒரு கண்ணை மூடியிருந்தது.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அந்த ஸ்கூட்டர் அவளை அங்கேயே விட்டுவிட்டு, தனியாகச் சரிவில் இறங்கி, ஆடாமல் அசையாமல் போய்ச் சுவரில் சாய்ந்து நின்றது.

"ஆள் இல்லாமலே ஸ்கூட்டர் நல்லா ஓடுதுப்பா" என்றான் நெட்டையாக இருந்த ஒரு பையன்.

பூங்காவே சிரித்தது. சிரித்தவர்களில் கெட்டவர்கள் யாரும் இல்லை. பார்க்க வேடிக்கையாக இருந்தது, சிரித்துவிட்டார்கள். ஆனால் கீழே கிடப்பவளுக்கு அப்படித் தோன்றுமா? பம்பரத்தின் காதுகள் இரண்டும் சூடாகிவிட்டன. ஸ்கூட்டரில் ஏறாமல், அதைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு நடந்தாள்.

அம்மா பூட்டு பழுதுபார்ப்பவர். வீட்டின் முன்னறைதான் கடை. சுவர் முழுக்கச் சாவிகள் தொங்கும். அம்மா ஒரு சாவியை இயந்திரத்தில் வைத்து வெட்டிக்கொண்டிருந்தார்.

"நான் இனிமே ஸ்கூட்டர் ஓட்டமாட்டேன்" என்றாள் பம்பரம்.

அம்மா இயந்திரத்தை நிறுத்தினார். "எங்கேயாவது அடிபட்டுச்சா?"

"இல்ல."

"அப்ப யாராவது சிரிச்சாங்களா?"

பம்பரம் ஹெல்மெட்டைக் கழற்றிப் பையில் திணித்தாள். அம்மா மேலும் தோண்டித் துருவவில்லை. சாவியை விளக்குக்கு நேரே பிடித்துப் பல்வரிசையைப் பார்த்தார்.

"சரி. உன் இஷ்டம். ஆனா ஹெல்மெட்டும் முட்டிக்காப்பும் பூங்காவோடது. பயிற்சியாளர் அக்காகிட்ட நீயே போய்க் கொடுத்துட்டு வரணும்."

அதுதான் சங்கடமான வேலை. திங்கள் போனது, செவ்வாய் போனது. ஹெல்மெட் வைத்த பை கதவுக்குப் பின்னாலேயே தொங்கியது.

சனிக்கிழமை அம்மாவுக்கு வெளிவேலை வந்தது. புதிதாகக் கட்டிய ஒரு குடியிருப்பில் எல்லாக் கதவுகளுக்கும் பூட்டு மாட்ட வேண்டும். பம்பரத்தைத் தனியாக வீட்டில் விட முடியாது. தன் தம்பியிடம் சொன்னார்.

"இவளையும் உன் வேலைக்குக் கூட்டிட்டுப் போயிடு."

மாமாவின் வேலை என்ன தெரியுமா? கரடி.

ஊரில் ஒரு பேஸ்பால் அணி இருந்தது. சம்பளத்துக்கு ஆடும் உண்மையான தொழில்முறை அணி. அதற்குக் கரடிகள் அணி என்று பெயர். ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒரு பெரிய பழுப்புக் கரடி மைதானத்தைச் சுற்றி வந்து ஆடும், குழந்தைகளுக்குக் கை கொடுக்கும், குட்டிக்கரணம் போடும். அந்தக் கரடிக்குள் இருப்பது மாமா. இது வெளியாட்களுக்குத் தெரியக் கூடாது. பள்ளியில் யாராவது கேட்டால், "மாமா டீம்ல இருக்கார்" என்று மட்டும் பம்பரம் சொல்வாள். அதில் பொய் எதுவும் இல்லை.

போகும் வழியில் ஹெல்மெட்டைக் கொடுத்துவிடலாம் என்று இருவரும் பூங்காவில் இறங்கினார்கள். வாசல் பூட்டியிருந்தது. மறுநாள் போட்டிக்காக உள்ளே யாரோ சரிவுகளுக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்தார்கள்.

"நாளைக்கு வந்து கொடுத்துக்கலாம்" என்றார் மாமா. பை மறுபடியும் பம்பரத்தின் தோளில் ஏறியது.

மைதானத்துக்குள் நுழைந்ததும் பம்பரம் வாயைப் பிளந்தாள். அவ்வளவு பச்சையை அவள் ஒரே இடத்தில் பார்த்ததில்லை. கூட்டம் இன்னும் வரவில்லை. ஒருவர் வெள்ளைப் பொடியைத் தள்ளுவண்டியில் நிரப்பி, மண்ணில் நேராகக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"ஆட்டம் எப்படி மாமா?"

"அதோ, கீழ் முனையில வெள்ளையா ஒரு பட்டை தெரியுதா? அதுக்குப் பேரு ஹோம். மட்டை வச்சிருக்கிறவர் அங்க நிப்பார். நடுவுல மேடா இருக்கு பாரு, அங்கேயிருந்து ஒருத்தர் பந்து வீசுவார். அடிச்சா, மட்டையைப் போட்டுட்டு ஓடணும். முதல் மூலை, ரெண்டாவது மூலை, மூணாவது மூலை, அப்புறம் திரும்ப ஹோம். வந்து தொட்டா ஒரு ரன்."

பம்பரம் கண்ணாலேயே ஒரு சுற்று ஓடிப் பார்த்தாள்.

"இவ்வளவு தூரம் ஓடி, கடைசியில கிளம்பின இடத்துக்கே வரணுமா?"

"ஆமா."

"அதுக்குக் கிளம்பாமலே இருந்திருக்கலாமே."

"இதைப் போய் ஆட்டக்காரங்ககிட்ட சொல்லிடாதே. எனக்கு வேலை போயிடும்" என்றார் மாமா.

பார்வையாளர் இருக்கைகளுக்கு அடியில் கரடியின் அறை இருந்தது. உள்ளே ஒரு பெஞ்சு, ஒரு மின்விசிறி, துவைத்தும் போகாத வியர்வை வாடை. கரடியின் தலை ஒரு முக்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் வாய்க்குள் கறுப்பு வலை கட்டியிருந்தது. மாமாவுக்கு வழி தெரிவது அந்த வலை வழியாகத்தான்.

"தலையை மாட்டிட்டா ஒரு வார்த்தை பேசக்கூடாது" என்றார் மாமா. "இடி விழுந்தாலும் பேசக்கூடாது. கரடி தமிழ் பேசினா சின்னப் பசங்க பயந்துடுவாங்க."

"வேற ஏதாவது பேசினா?"

"எதுவும் பேசக்கூடாதுன்னா எதுவுமே பேசக்கூடாது."

கழுத்தில் வாக்கிடாக்கி தொங்கவிட்டிருந்த ஓர் அக்கா வந்து பம்பரத்தை முதல் வரிசையில் உட்கார வைத்தார். இடைவேளை ஆட்டங்களையும் பாட்டுகளையும் நடத்துவது அந்த அக்காவின் பொறுப்பு. மாமாவுக்கு மேலதிகாரி அவர்தான்.

பக்கத்து இருக்கையில் ஒரு சின்னப் பையன் அவனுடைய அப்பாவோடு உட்கார்ந்திருந்தான். ஆறு வயது இருக்கும். முன்பல் இரண்டும் இல்லை. காலில் புதுச் சப்பாத்து பளபளத்தது.

"என் பேரு மின்னல்" என்றான் அவனாகவே.

"நிஜமாவே அதான் பேரா?"

"நானே வச்சுக்கிட்டேன். வேகமா ஓடுவேன்ல."

அவனுடைய அப்பா சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

"இன்னைக்கு நான் கரடியோட ஓட்டப்பந்தயம் ஓடப் போறேன்" என்றான் மின்னல். "நடுவுல ஒரு தடவை ஆட்டத்தை நிறுத்துவாங்க இல்ல, அப்ப. எல்லா மூலையும் சுத்தி வரணும். என் கிளாஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். டீச்சர்கிட்டயும் சொல்லிட்டேன். பால்காரர்கிட்டயும் சொல்லிட்டேன்."

ஆட்டம் தொடங்கியது. மாமா சொன்னதெல்லாம் பம்பரத்துக்குக் குழம்பிப் போனது. நல்லவேளையாக மின்னல் இருந்தான். பந்து எப்படி வந்தால் அடிக்க வேண்டும், எப்போது ஓட வேண்டும், யார் யாரைத் தொட்டால் வெளியே என்று இடைவிடாமல் சொல்லிக்கொண்டே இருந்தான். மூச்சு வாங்குவதற்கு மட்டும் நிறுத்தினான்.

மட்டையோடு ஒரு தாடிக்காரர் வந்தார். மைதானம் முழுக்க எழுந்து கைதட்டியது. தாடிக்காரர் மட்டையைச் சுழற்றினார். பந்து படவில்லை. இன்னொரு முறை சுழற்றினார். படவில்லை. மூன்றாவது முறையும் மட்டை காற்றைத்தான் அடித்தது.

"மூணு தடவை விட்டா அவுட்" என்றான் மின்னல்.

"இவ்வளவு மோசமா ஆடுறவருக்கா இவ்வளவு கைதட்டல்?"

மின்னல் அவளை விநோதமாகப் பார்த்தான். "அவர்தான் இருக்கிறதிலேயே பெஸ்ட்."

"இப்பதானே அவுட் ஆனாரு?"

"பெஸ்ட்டா இருந்தாலும் அவுட்தான் ஆவாங்க. அடிக்கிறது எப்பவாவதுதான். அவுட் ஆகுறதுதான் நிறைய. உனக்கு இதுகூடத் தெரியாதா?"

பம்பரத்துக்குத் தெரியாது. தாடிக்காரரையே பார்த்தாள். அவர் தலையைத் தொங்கப்போடவில்லை. யாரையும் முறைக்கவும் இல்லை. மட்டையை அதன் இடத்தில் சாய்த்து வைத்துவிட்டு, தாடியைச் சொறிந்துகொண்டு, ஒரு கை நிறைய சூரியகாந்தி விதைகளை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்தவர் ஏதோ சொல்ல, இருவரும் சிரித்தார்கள். இத்தனை பேர் முன்னால் தோற்றுவிட்டு எப்படி விதை தின்ன முடிகிறது என்று பம்பரம் யோசித்தாள்.

கரடி வந்தது. குழந்தைகள் கூச்சலிட்டார்கள். கரடி இடுப்பை ஆட்டியது, படிகளில் ஏறியது, ஒரு குழந்தையின் தொப்பியைப் பிடுங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டது. பம்பரத்தைக் கடந்தபோது மட்டும் ஒரு பாதத்தால் அவள் தலையைத் தட்டியது.

"கரடி உன்னைத் தொட்டுச்சு" என்றான் மின்னல் பொறாமையோடு.

படியில் இறங்கும்போதுதான் அது நடந்தது. யாரோ கொட்டிய பழச்சாற்றில் கரடியின் கால் வழுக்கியது. இரண்டு படி தள்ளிப் போய் உட்கார்ந்தது. எல்லோரும் அதை வேடிக்கை என்று நினைத்துக் கைதட்டினார்கள். கரடியும் எழுந்து கையை ஆட்டியது. ஆனால் நொண்டிக்கொண்டே போவதைப் பம்பரம் கவனித்துவிட்டாள்.

சற்று நேரத்தில் வாக்கிடாக்கி அக்கா வந்து அவள் காதருகே குனிந்தார். "உங்க மாமா உன்னைக் கூப்பிடுறாரு."

கரடியின் அறையில் மாமா பெஞ்சில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். இடுப்புக்குக் கீழே மனிதர், மேலே கரடி. தலை மட்டும் பக்கத்தில் இருந்தது. அணியின் மருத்துவர் கணுக்காலில் பனிக்கட்டி வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"எலும்புக்கு ஒண்ணும் இல்லை. ஆனா இன்னைக்கு ஓட முடியாது, நடக்கவும் கூடாது" என்றார் மருத்துவர்.

"அப்ப ஓட்டப்பந்தயத்தை ரத்து பண்ணிட வேண்டியதுதான்" என்றார் வாக்கிடாக்கி அக்கா. "அந்தப் பையனுக்கு ஒரு தொப்பி கொடுத்துச் சமாளிச்சிடலாம்."

பம்பரத்துக்கு மின்னலின் புதுச் சப்பாத்து ஞாபகம் வந்தது. பால்காரரிடம் வரை சொல்லி வைத்திருக்கிறானே. திங்கட்கிழமை எல்லோரும் கேட்பார்கள். ஒரு தொப்பியைக் காட்டி அவன் என்ன சொல்வான்?

"நான் ஓடட்டுமா?" என்றாள்.

மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள்.

"நீ ஒல்லிக்குச்சி. இது கரடி" என்றார் மாமா.

"உள்ளே யார் இருக்கான்னு யாருக்குத் தெரியும்?"

வாக்கிடாக்கி அக்கா கடிகாரத்தைப் பார்த்தார். "போட்டுப் பார்ப்போம். போட்டுப் பார்க்கிறதுல தப்பில்லையே."

கரடியின் உடலுக்குள் பம்பரம் இறங்கினாள். கால்கள் துதிக்கை மாதிரி நீண்டு கிடந்தன. மருத்துவர் அவற்றை மடித்து, காயத்துக்குச் சுற்றும் பட்டையால் இறுக்கிக் கட்டினார். வயிற்றில் ஒரு தலையணையைத் திணித்தார்கள். பிறகு தலையை வைத்தார்கள். அது தோள் வரை சரிந்து விழுந்தது. வலை இருக்க வேண்டிய இடத்தில் கரடியின் காதுதான் இருந்தது.

"ஒண்ணுமே தெரியல" என்றது கரடிக்குள்ளிருந்து ஒரு குரல்.

"ம்ஹூம். சரிப்படாது" என்றார் மாமா.

பம்பரம் தலையைக் கழற்றினாள். அறையைச் சுற்றிப் பார்த்தாள். மூலையில் அவளுடைய பை கிடந்தது. ஓடிப் போய் ஹெல்மெட்டை எடுத்து மாட்டி, வாரை இழுத்துக் கட்டினாள். அதன் மேல் கரடியின் தலையை வைத்தாள். அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது. வலை நேராகக் கண்ணுக்கு முன்னால் வந்தது. முட்டிக்காப்பையும் உள்ளே மாட்டிக்கொண்டாள்.

"முதல்ல உங்கம்மாவைக் கேட்கணும்" என்று மாமா தொலைபேசியை எடுத்தார். அம்மா அந்தப் பக்கம் ஏதோ கதவைத் துளைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொல்லவே இரண்டு முறை கத்த வேண்டியிருந்தது.

"அந்த வேஷத்தோட விழுந்தா என்ன ஆகும்?" என்று அம்மா கேட்டது எல்லோருக்கும் கேட்டது.

"எனக்கு விழத் தெரியும்மா" என்றாள் பம்பரம். "ஸ்கூட்டர்ல அதைத்தான் முதல்ல கத்துக் கொடுத்தாங்க. கையை ஊனக்கூடாது. முட்டியை மடக்கி, தோளைச் சாய்ச்சு, உருண்டுடணும்."

துளைக்கும் சத்தம் நின்றது. "சரி, பார்த்து ஓடு" என்றார் அம்மா.

வாக்கிடாக்கி அக்கா கரடியை மேலும் கீழும் பார்த்தார். "ரொம்பச் சின்னதாயிட்டியே. சரி, நான் பார்த்துக்கறேன்."

வெளியே ஒலிபெருக்கி முழங்கியது. "ரசிகர்களுக்கு ஒரு முக்கிய அறிவிப்பு. நம்ம கரடியை நேத்து வெந்நீர்ல துவைச்சதுல கொஞ்சம் சுருங்கிடுச்சு. யாரும் கவலைப்பட வேண்டாம்."

கூட்டம் குலுங்கிச் சிரித்தது. பம்பரம் வெளிச்சத்துக்குள் காலெடுத்து வைத்தாள்.

உள்ளே அடுப்புக்குள் நிற்கிற மாதிரி சூடு. வலை வழியே உலகம் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. ஹோம் பட்டையில் மின்னல் ஒரு காலை முன்னால் வைத்துத் தயாராக நின்றான். விசில் ஒலித்தது.

மின்னல் பாய்ந்தான். பெயர் பொய்யில்லை, நன்றாகவே ஓடினான். கரடி தொந்தியைக் குலுக்கிக்கொண்டு பின்னால் ஓடியது. முதல் மூலையைத் தொட்டான். இரண்டாவது மூலைக்கு வந்தான். அங்கே நின்றுவிட்டான்.

இரண்டாவது மூலை மைதானத்தின் நடுவில் இருக்கிறது. எந்தப் பக்கம் பார்த்தாலும் முகங்கள். எதிரே உள்ள பெரிய திரையில் அவனுடைய முகமே வீட்டளவு தெரிந்தது. பாட்டு காதைப் பிளந்தது. மின்னல் அப்பாவைத் தேடினான். அவ்வளவு முகங்களுக்குள் அப்பா எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை. கீழுதடு மெல்ல நடுங்கத் தொடங்கியது.

'இங்கே பார், நான்தான் பக்கத்து சீட் அக்கா' என்று சொல்ல பம்பரத்துக்கு நாக்கு துடித்தது. சொல்ல முடியாது. தலையை மாட்டியாகிவிட்டது. கையை ஆட்டினாள். மின்னல் பார்க்கவில்லை. ஆடிக் காட்டினாள். அவன் கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. இன்னும் ஒரு நொடி போனால் அழுதுவிடுவான். அதையும் அந்தப் பெரிய திரை காட்டும்.

அவனைச் சிரிக்க வைக்க ஒரே ஒரு வழிதான் அவளுக்குத் தெரிந்தது.

ஓடினாள். முட்டியை மடக்கினாள், தோளைச் சாய்த்தாள், வேண்டுமென்றே விழுந்தாள். கரடி ஒரு முறை உருண்டது. இன்னொரு முறை உருண்டது. செம்மண் புழுதி கிளம்பியது. கடைசியில் இரண்டு கால்களும் வானத்தைப் பார்க்க மல்லாந்து கிடந்தது.

மைதானமே சிரித்தது. ஸ்கூட்டர் பூங்காவில் கேட்டதைப் போல எத்தனையோ மடங்கு சிரிப்பு. பம்பரத்தின் காதுகள் மறுபடியும் சூடாயின. ஹெல்மெட்டுக்குள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

பக்கத்தில் ஒரு சின்னச் சத்தம் கேட்டது. 'ஹிக்' என்று.

கண்ணைத் திறந்தாள். மின்னல் சிரித்துக்கொண்டிருந்தான். கன்னத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் உருண்டுகொண்டிருந்தது, ஆனால் வாய் முழுக்கச் சிரிப்பு. முன்பல் இல்லாத இடம் ஜன்னல் மாதிரி திறந்திருந்தது.

கரடி எழுந்தது. ஓர் அடி வைத்தது. மறுபடியும் பொத்தென்று விழுந்தது. இந்த முறை பம்பரத்துக்கே சிரிப்பு வந்துவிட்டது. சத்தம் வெளியே வராமல் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

மின்னல் அருகில் வந்து கையை நீட்டினான். "எழுந்திரு கரடி. இன்னும் ரெண்டு மூலைதான் இருக்கு. பயப்படாதே, நான் இருக்கேன்."

கரடியின் பாதத்தைப் பிடித்து இழுத்தான். இருவரும் கைகோத்து மூன்றாவது மூலையைத் தொட்டார்கள். "உனக்காக மெதுவா ஓடுறேன்" என்று மின்னல் பெரிய மனிதனைப் போலச் சொன்னான். ஹோம் பட்டை பக்கத்தில் வந்ததும் அந்தப் பெருந்தன்மையெல்லாம் பறந்துவிட்டது. கையை உதறிவிட்டுப் பாய்ந்து போய்ப் பட்டையின் மேல் குதித்தான்.

பம்பரம் முகத்தைக் கழுவிக்கொண்டு இருக்கைக்குத் திரும்பியபோது மின்னல் கழுத்தில் ஒரு பதக்கத்தோடு உட்கார்ந்திருந்தான்.

"எங்கே போனே?"

"கழிவறைக்கு."

"எல்லாத்தையும் கோட்டை விட்டுட்டே. கரடி பாவம், பயந்து போய் விழுந்திடுச்சு. நான்தான் தூக்கி விட்டேன்."

"அப்படியா?" என்றாள் பம்பரம்.

"முதல்ல எனக்கும் கொஞ்சம் பயம்தான்" என்றான் அவன் குரலைத் தாழ்த்தி. "யார்கிட்டயும் சொல்லாதே."

"சொல்லமாட்டேன்."

தாடிக்காரர் மறுபடி வந்தார். மறுபடியும் மூன்று முறை காற்றை அடித்தார். மறுபடியும் விதை தின்றார். அதற்கடுத்த முறை பந்து மட்டையில் பட்டது. பிரமாதமான அடி ஒன்றும் இல்லை. பந்து இரண்டு பேருக்கு நடுவே குதித்துக் குதித்துப் போனது. தாடிக்காரர் உயிரைக் கொடுத்து ஓடி, மண்ணில் வயிற்றால் சறுக்கி முதல் மூலையைத் தொட்டார். எழுந்தபோது தாடியெல்லாம் புழுதி. பம்பரம் தன்னையறியாமல் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தாள்.

அப்படியும் கரடிகள் அணி தோற்றுவிட்டது. பம்பரத்துக்கு வருத்தமாக இருந்தது. மின்னல் அசரவில்லை.

"நாளைக்கும் மேட்ச் இருக்கு" என்றான்.

"தோத்த மறுநாளேவா?"

"ஆமா. அநேகமா தினமும் ஆடுவாங்க. அதுதானே அவங்க வேலை" என்று சொல்லிவிட்டு, அப்பாவின் தோளில் ஏறி உட்கார்ந்து போய்விட்டான்.

மறுநாள் ஸ்கூட்டர் பூங்காவின் சரிவுகள் புது வண்ணத்தில் மின்னின. பயிற்சியாளர் அக்கா வாசலில் நின்றிருந்தார். ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்த பம்பரத்தின் தோளில் இருந்த பையைப் பார்த்தார்.

"திருப்பிக் கொடுக்க வந்தியா? உங்கம்மா சொன்னாங்க."

பம்பரம் பையைத் திறந்தாள். ஹெல்மெட்டை எடுத்தாள். ஒரு நிமிடம் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சாயங்காலம் தர்றேன்க்கா" என்று தலையில் மாட்டிக்கொண்டாள்.

மாமா ஊன்றுகோலோடு வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பம்பரத்தின் முறை வந்ததும் கத்த ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. "கொஞ்சம் மெதுவாத்தான் கத்தேன்" என்றார் அம்மா. "வாயைத் திறந்து கத்தி எத்தனை மாசமாச்சு தெரியுமா?" என்றார் மாமா.

பம்பரம் வேகமாக வந்தாள். எகிறினாள். தட்டினாள். விழுந்து உருண்டாள்.

சிரிப்புச் சத்தம் கேட்டது. நெட்டைப் பையனும் சிரித்தான். பம்பரம் எழுந்து முட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டாள். "இன்னைக்காவது ஸ்கூட்டர் என்கூடவே விழுந்துச்சே" என்று அவனிடம் சொன்னாள். அவன் இன்னும் சிரித்தான். அவளும் சிரித்தாள். கீழே கிடந்த ஸ்கூட்டரை அவனே எடுத்துக் கொடுத்தான்.

ஒவ்வொருவருக்கும் மூன்று வாய்ப்புகள். இரண்டாவதில் பலகை முழுதாகச் சுற்றவில்லை. மூன்றாவதில் எகிறியபோது காற்றில் ஒரு கணம் எந்தச் சத்தமும் இல்லாத மாதிரி இருந்தது. பலகை கைப்பிடியைச் சுற்றி வந்தது. ஒரு கால் அதன் நடுவில் இறங்கியது. இன்னொரு கால் விளிம்பில் பாதி உள்ளே, பாதி வெளியே. ஸ்கூட்டர் இடது பக்கம் ஆடியது, வலது பக்கம் ஆடியது, பிறகு மனமிரங்கி நேராக ஓடியது.

பரிசு வேறு யாருக்கோ போனது. பம்பரத்துக்கு ஐந்தாவது இடமோ ஆறாவது இடமோ. அவள் சரியாகக் கேட்கவில்லை. பலகை வந்து காலுக்கடியில் 'டக்' என்று சேர்ந்த சத்தம்தான் அவள் காதில் ஓடிக்கொண்டே இருந்தது.

கூட்டம் கலைந்தது. பயிற்சியாளர் அக்கா பூட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். "ஹெல்மெட்டைக் கொடுக்கறியா? பூட்டணும்."

"ஒரே ஒரு தடவைக்கா" என்றாள் பம்பரம், மேடையின் விளிம்பில் நின்றுகொண்டு.

அந்த ஒரே ஒரு தடவை முடிவதற்குள் மேம்பாலத்து விளக்குகள் எல்லாம் எரியத் தொடங்கிவிட்டன.